பழைய எம்ஜிபிக்குச் சரியான போல்ட்டும் நட்டும் தேடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

என் கார் எம்ஜிபி, பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் 1971-இல் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாரித்த திறந்த ஸ்போர்ட்ஸ் கார். வாங்கிய முதல் மாதமே என்ஜின் அறையில் ஒரு தாங்கிப் பட்டை ஆடுவதைக் கவனித்தேன். ஸ்பேனர் வைத்து இறுக்கினால் போல்ட் சுற்றிக்கொண்டே இருந்தது, பிடிக்கவே இல்லை. வெளியே எடுத்துப் பார்த்தேன்: 8 மில்லிமீட்டர் மெட்ரிக் போல்ட். அங்கே இருந்திருக்க வேண்டியது யூ.என்.எஃப். என்ற இஞ்ச் மரை வகையில் 5/16 இஞ்ச் போல்ட். இரண்டின் விட்டமும் கண்ணுக்கு ஒன்றுதான்; ஒன்று 8 மி.மீ., மற்றது 7.94 மி.மீ. ஆனால் மரையின், அதாவது திருகுச் சுருள் வரியின், நெருக்கம் வேறு. எனக்கு முன்னால் காரைப் பார்த்த ஏதோ ஒரு பட்டறையில் கைக்கு வந்த போல்ட்டை எடுத்து, இரண்டு சுற்று கையால் ஏறியதும் மிச்சத்தை ஸ்பேனரால் அழுத்தி ஏற்றியிருக்கிறார்கள். துளையின் மரை முழுக்கச் சிதைந்திருந்தது. சில பென்னி விலையுள்ள ஒரு போல்ட்டுக்காக ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது.

ஏறிவிட்டது என்பதால் ஒரு போல்ட் சரியான போல்ட் ஆகிவிடாது. மரை, நீளம், தலை, வலு, அது பார்க்கும் வேலை ஆகிய ஐந்தும் தெரிந்த பிறகுதான் கடைப் பக்கம் போக வேண்டும். இந்த வழிகாட்டி எம்ஜிபியை வைத்து எழுதப்பட்டது. 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் என்பதால் இதற்கு உதிரிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. தவறான உதிரிகளும் அதே அளவு தாராளமாகக் கிடைக்கின்றன. ட்ரையம்ஃப், ஆஸ்டின்-ஹீலி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில், உங்கள் கார் எந்த மரைக் காலத்தைச் சேர்ந்தது?

பிரிட்டிஷ் கார்களில் மரை என்பது ஒரே வகை கிடையாது. ஜோசப் விட்வொர்த் 1841-இல் முன்வைத்த 55 டிகிரி மரைதான் முதல் பொது அளவு. அதன் பெயர் விட்வொர்த். அதையே நெருக்கமாக்கி 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பி.எஸ்.எஃப். வந்தது. மின்சாதனங்கள், கடிகார முகப்புகள் போன்ற நுண்ணிய வேலைகளுக்கு பி.ஏ. என்ற தனி மரை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க போல்ட்டும் பிரிட்டிஷ் நட்டும் ஒன்றோடொன்று சேராமல் பட்ட அவதிக்குப் பிறகு, 1948 நவம்பரில் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூன்றும் ஒரே மரைக்கு ஒப்புக்கொண்டன. அதுதான் யூனிஃபைட். கோணம் 60 டிகிரி. நெருக்கமான மரை யூ.என்.எஃப்., அகலமான மரை யூ.என்.சி.

1955-இல் வந்த எம்ஜிஏவும் 1962-இல் வந்த எம்ஜிபியும் பெரும்பாலும் யூ.என்.எஃப். கார்கள். வார்ப்பு உலோகத்தில் நேரடியாக ஏறும் சில இடங்களில் யூ.என்.சி. இருக்கும். அலுமினியம் போன்ற மென்மையான உலோகத்தில் அகலமான மரைதான் நின்று பிடிக்கும் என்பது காரணம். லூகாஸ் நிறுவனத்தின் மின்கருவிகளிலும் எஸ்.யூ. நிறுவனத்தின் பெட்ரோல் பம்பிலும் சின்னச் சின்ன பி.ஏ. மரைகள் ஒளிந்திருக்கும். எண்ணெய் அழுத்தக் குழாய் போன்ற இடங்களில் பி.எஸ்.பி. குழாய் மரை.

இன்னும் பழைய எம்ஜி டி.டி., டி.எஃப். வைத்திருப்பவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தக் கார்களின் எக்ஸ்.பி.ஏ.ஜி. என்ஜினில் மரை மெட்ரிக், போல்ட்டின் தலை விட்வொர்த் அளவு! 8 மி.மீ. போல்ட்டுக்கு 1 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரம்), இன்றைய கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 8 மி.மீ. போல்ட்டுக்கு 1.25. மோரிஸ் நிறுவனம் 1923-இல் கவென்ட்ரியில் வாங்கிய என்ஜின் தொழிற்சாலை பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் நிறுவனத்துடையது. அங்கிருந்த இயந்திரங்கள் மெட்ரிக் மரை வெட்டின, பிரிட்டிஷ் மெக்கானிக்கின் கையில் இருந்ததோ விட்வொர்த் ஸ்பேனர். இரண்டையும் சேர்த்துச் செய்த ஏற்பாடு பல பத்தாண்டுகள் நீடித்துவிட்டது. இந்த என்ஜினுக்கு எந்தப் பொதுக் கடையிலும் போல்ட் தேடாதீர்கள். டி வரிசைக் கார்களுக்கென்றே இருக்கும் விற்பனையாளர்களிடம் மட்டும் வாங்குங்கள்.

தமிழ்நாட்டில் பழைய மெக்கானிக்குகளுக்கு இந்த இஞ்ச் உலகம் புதிதல்ல. அம்பாசடரில் நெடுங்காலம் ஓடிய 1489 சி.சி. என்ஜினும் எம்ஜிபியின் 1798 சி.சி. என்ஜினும் ஒரே பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி வரிசைக் குடும்பம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரும் அதே ஹெரால்டின் வழியில் வந்ததுதான். அந்தக் காலத்து இஞ்ச் ஸ்பேனர் செட் ஒன்று வீட்டில் கிடந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.

கழற்றும்போதே பாதி வேலை முடிந்துவிடும்

புது போல்ட் தேடும் வேலை கழற்றும் நேரத்திலேயே தொடங்குகிறது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு சின்ன பை. உள்ளே போல்ட், நட்டு, வாஷர் எல்லாம் இருந்த வரிசையிலேயே. வெளியே எந்த இடம், எத்தனை, தலை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று எழுதி வையுங்கள். கழற்றும் முன் ஒரு படம் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்து உடைந்த போல்ட்டாக இருந்தாலும் எறியாதீர்கள். உடைந்த துண்டும் அளவு சொல்லும்.

ஊடுருவும் எண்ணெயை முந்தின நாள் இரவே போட்டு வைப்பது நல்லது. எம்ஜிபியின் முன் கண்ணாடிச் சட்டம் அலுமினியம், அதில் ஏறியிருப்பது எஃகுத் திருகு. 50 வருட மழையில் இரண்டும் ஒட்டிப்போயிருக்கும். அங்கே அவசரப்பட்டால் தலை உடையும்.

கதவுக் கீல் திருகுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பார்ப்பதற்குச் சாதாரண ஸ்டார் திருகு போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் சிலுவையின் நான்கு கைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் இருக்கும். அது போஸிடிரிவ். பிலிப்ஸ் முனையை வைத்துத் திருகினால் வழுக்கி, தலையைத் தின்றுவிடும். சரியான 3-ஆம் எண் போஸிடிரிவ் முனையை, சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரில் பொருத்திக் கழற்றுங்கள்.

அளப்பது: இந்த வேலையின் இதயம்

வேண்டிய கருவிகள் மூன்றே மூன்று: ஒரு வெர்னியர் காலிப்பர், இஞ்சுக்கும் மெட்ரிக்குக்கும் தனித்தனியாக இரண்டு மரைச் சீப்புகள் (மரையில் பதித்துப் பார்க்கும் பல் தகடுகள்), நல்ல வெளிச்சம்.

முதலில் விட்டம். மரையின் வெளி விளிம்பை அளக்க வேண்டும். பழைய போல்ட் தேய்ந்திருக்கும் என்பதால் அளவு ஒரு மயிரிழை குறைவாகத்தான் வரும். 6.3 வந்தால் கால் இஞ்ச். 7.9 வந்தால் 5/16. 9.5 வந்தால் 3/8. 11.1 என்றால் 7/16. 12.7 என்றால் அரை இஞ்ச்.

அடுத்தது மரையின் நெருக்கம். ஒரு இஞ்சில் எத்தனை மரை என்பதுதான் கணக்கு. யூ.என்.எஃப்.பில் கால் இஞ்சுக்கு 28, 5/16-க்கும் 3/8-க்கும் 24, 7/16-க்கும் அரை இஞ்சுக்கும் 20. பி.எஸ்.எஃப். என்றால் இதே வரிசையில் 26, 22, 20, 18, 16. யூ.என்.சி. என்றால் 20, 18, 16, 14, 13. விட்வொர்த்தும் யூ.என்.சி.யும் இங்கே உங்களை ஏமாற்றும். கால் இஞ்ச் முதல் 7/16 வரை இரண்டுக்கும் மரை எண்ணிக்கை ஒன்றே; அரை இஞ்சில்தான் விட்வொர்த் 12 என்று பிரிகிறது. எண்ணிக்கை ஒன்றானாலும் கோணம் 55, 60 என்று வேறு. ஒன்று மற்றொன்றில் ஏறும், ஆனால் மரையின் முழுப் பரப்பும் பதியாது. பாரம் ஏறும்போது அந்த இடம் தளரும்.

சீப்பு கையில் இல்லையா? சந்தேகமே இல்லாத ஒரு 5/16 யூ.என்.எஃப். போல்ட்டை எடுத்து, அளவு தெரியாத போல்ட்டின் பக்கத்தில் மரைக்குள் மரை அமரும்படி ஒட்டிப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே காட்டுங்கள். ஒரே மரை என்றால் வெளிச்சம் கசியாது. வேறு மரை என்றால் நடுவில் சேர்ந்து இரண்டு ஓரத்திலும் விலகும். நான் இன்றும் சீப்பைவிட இதைத்தான் அதிகம் நம்புகிறேன். ஒவ்வொரு அளவிலும் ஒரு புது போல்ட்டும் நட்டும் வாங்கி, கம்பியில் கோத்து, பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். அதைப்போல உதவும் சாதனம் வேறு இல்லை.

நட்டை வைத்துச் சோதிக்கும்போது விரலால் மட்டும் ஏற்றுங்கள். நட்டின் முழு உயரமும் விரலால் சுழன்று ஏற வேண்டும். இரண்டு சுற்றில் இறுகினாலும், ஏறிய பின் அதிகமாக ஆடினாலும் அளவு தவறு.

அப்புறம் நீளம். அறுகோணத் தலை போல்ட்டின் நீளம் தலைக்குக் கீழிருந்து கணக்கு. தலை மூழ்கும் திருகுக்கு மட்டும் தலையையும் சேர்த்து அளப்பார்கள். பிரிட்டனில் மரை முழு நீளத்துக்கும் இருந்தால் செட் ஸ்க்ரூ, தலைக்குக் கீழே மரையில்லாத வழவழப்பான தண்டு இருந்தால் போல்ட். இதை வெறும் பெயர் வித்தியாசமாக நினைக்காதீர்கள். சஸ்பென்ஷன் கையைத் தாங்கும் இடத்தில் பாரம் அந்த வழவழப்பான தண்டின் மேல்தான் விழ வேண்டும். அங்கே முழு மரை செட் ஸ்க்ரூ போட்டால் மரைப் பள்ளங்களின் மேல் பாரம் விழும். துளையும் தேயும், போல்ட்டும் வெட்டுப்படும். ஆகவே மொத்த நீளத்தோடு தண்டின் நீளத்தையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகத் தலை. யூனிஃபைட் போல்ட்டுக்கு ஏ.எஃப். ஸ்பேனர், அதாவது எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம். கால் இஞ்ச் போல்ட்டுக்கு 7/16, 5/16-க்கு 1/2, 3/8-க்கு 9/16. விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பதோ தலையின் அகலம் அல்ல, மரையின் விட்டம். அதனால் அரை இஞ்ச் என்று எழுதிய இரண்டு ஸ்பேனர்கள் அளவில் வெகுதூரம் வேறுபடும். ஏ.எஃப். ஸ்பேனர் எதுவுமே சரியாக உட்காராத தலை என்றால் அது விட்வொர்த்தாகவோ மெட்ரிக்காகவோ இருக்க வாய்ப்பு அதிகம். 1/2 ஏ.எஃப். தலைக்கு 13 மி.மீ. ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்தும். அந்த ‘கிட்டத்தட்ட’தான் முனைகளை மழுக்குகிறது.

பழைய உதிரி எண்ணே அளவு சொல்லும்

இது எனக்குத் தெரிந்த நாளில் பெரிய சந்தோஷம். பி.எம்.சி. காலத்து உதிரிப் பட்டியலில் போல்ட் எண்களைப் பார்த்தால் எச்.இசட்.எஸ். 0506, எச்.பி.இசட். 0512 என்றெல்லாம் இருக்கும். எழுத்துகள் வகையைச் சொல்கின்றன. எச்.இசட்.எஸ். என்றால் அறுகோணத் தலை செட் ஸ்க்ரூ. எச்.பி.இசட். என்றால் தண்டுள்ள போல்ட். எஃப்.என்.இசட். முழு நட்டு, எல்.என்.இசட். தானாகப் பூட்டும் நட்டு. இவற்றில் இசட் இருந்தால் மரை யூ.என்.எஃப். எல்.டபிள்யூ.இசட். என்பது ஸ்பிரிங் வாஷர், பி.டபிள்யூ.இசட். என்பது தட்டை வாஷர்.

எண்களில் முதல் இரண்டு இலக்கம் விட்டம், 16-இல் ஒரு பங்கு கணக்கில். 04 என்றால் கால் இஞ்ச், 05 என்றால் 5/16, 06 என்றால் 3/8. அடுத்த இரண்டு இலக்கம் நீளம், 8-இல் ஒரு பங்கு கணக்கில். நம் ஊர் தச்சரும் கொத்தனாரும் இஞ்சை எட்டாகப் பிரித்து ‘நூல்’ என்கிறார்களே, அதே கணக்கு. 0506 என்றால் 5/16 விட்டம், 6 நூல் நீளம், அதாவது முக்கால் இஞ்ச். 0512 என்றால் அதே விட்டம், 12 நூல், ஒன்றரை இஞ்ச். இந்தச் சாவி கையில் இருந்தால் பட்டியலைப் புரட்டியே முழு காருக்கும் கொள்முதல் பட்டியல் எழுதிவிடலாம்.

பிற்காலப் பட்டியல்களில் ஜி.எச்.எஃப். என்று தொடங்கும் யூனிபார்ட் எண்கள் வருகின்றன. அவை வரிசை எண்கள் மட்டுமே, அளவைச் சொல்லாது. முடிந்தவரை உங்கள் கார் தயாரான ஆண்டுக்குரிய பட்டியலைத் தேடிப் பிடியுங்கள். 18 வருடத் தயாரிப்பில் சக்கர அச்சு, மின்சாரம், பம்பர் எல்லாம் மாறியிருக்கின்றன. கார் எப்போது தயாரானது என்பதில் சந்தேகம் இருந்தால் கேடனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தின் ஆவணக் காப்பகம் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துச் சான்றிதழ் தருகிறது. கட்டணம் உண்டு.

வலு: தலையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

போல்ட்டின் தலை ஒரு கையெழுத்து மாதிரி. பழைய பிரிட்டிஷ் போல்ட்டுகளில் ஆர், எஸ், டி, வி என்ற ஆங்கில எழுத்துகளில் ஒன்று இருக்கும். வரிசைப்படி வலு கூடும். எஸ் என்றால் சதுர இஞ்சுக்கு சுமார் 50 டன் இழுவை தாங்கும். காரில் அதிகம் காணப்படுவது அதுதான். தலையில் வட்டப் பள்ளமோ, நட்டின் பக்கத்தில் ஒன்றையொன்று தொடும் வட்டங்களோ இருந்தால் அது யூனிஃபைட் மரை என்பதற்கான அடையாளம். ஜி.கே.என். போன்ற தயாரிப்பாளர் முத்திரையும் சேர்ந்திருக்கும்.

அமெரிக்க போல்ட்டில் எழுத்துக்குப் பதில் கோடுகள். 3 கோடு என்றால் கிரேடு 5. 6 கோடு என்றால் கிரேடு 8. மெட்ரிக்கில் 8.8, 10.9 என்று எண்ணாகவே இருக்கும். ஒப்பிட்டால் எஸ், கிரேடு 5, 8.8 மூன்றும் ஏறத்தாழ ஒரே தரம். கிரேடு 8-க்கு இணை 10.9. தலையில் ஒன்றுமே எழுதாத போல்ட் வந்தால் அதை எண் பலகைக்கோ உட்புற அலங்காரத்துக்கோ வைத்துக்கொள்ளுங்கள். சஸ்பென்ஷன் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

‘வலு கூடினால் நல்லதுதானே, எல்லா இடத்திலும் கிரேடு 8 போட்டுவிடலாமே’ என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொரு இணைப்பும் குறிப்பிட்ட இறுக்கத்துக்கு வடிவமைக்கப்பட்டது. கடினமான போல்ட்டை அதன் முழுத் தகுதிக்கு இறுக்கினால் எதிரே இருக்கும் வார்ப்பு மரை தோற்கும். தொழிற்சாலை எஸ் போட்ட இடத்தில் கிரேடு 5 போதும். அதைவிடக் கூடிய தரத்தைத் தொழிற்சாலையே கேட்ட இடத்தில் மட்டும் கூடியது.

ஹெட் ஸ்டட், கனெக்டிங் ராட் போல்ட், ஃபிளைவீல் போல்ட் போன்றவற்றை எந்தக் காரணத்துக்காகவும் போல்ட் டப்பாவிலிருந்து தேர்ந்தெடுக்காதீர்கள். அந்த என்ஜினுக்கென்று தயாரித்த உதிரியை மட்டும் வாங்குங்கள். இருக்கை பெல்ட் பிடிக்கும் 7/16 யூ.என்.எஃப். போல்ட்டும் அப்படித்தான்.

துருப்பிடிக்காத எஃகு பற்றி என் கருத்து

பளபளப்பாக இருக்கிறது, துருப்பிடிக்காது என்று முழு காருக்கும் ஸ்டெயின்லெஸ் செட் விற்கிறார்கள். பம்பர், மட்கார்டு, உட்புறம் ஆகியவற்றுக்கு அருமையான பொருள். ஆனால் பொதுவாகக் கிடைக்கும் ஏ2-70 தர ஸ்டெயின்லெஸ் 450 மெகாபாஸ்கல் அளவிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும், 8.8 தர எஃகு 640 வரை தாங்கும். பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் மூன்றிலும் ஸ்டெயின்லெஸ் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்று, ஸ்டெயின்லெஸ் நட்டும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் காய்ந்த நிலையில் உரசினால் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு இறுகிவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும். மரையில் பற்றிக்கொள்ளாமல் காக்கும் கிரீஸ் தடவி, மெதுவாகச் சுற்றுங்கள்.

மற்ற இடங்களுக்குத் துத்தநாக முலாம் பூசிய எஃகு போதும். பழைய போல்ட்டுகளில் கேட்மியம் முலாம் இருக்கலாம், அது நச்சு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், சூடாக்காதீர்கள். கடினமான உயர்தர போல்ட்டுகளை நீங்களே முலாமுக்குக் கொடுத்தால், பூசியவுடன் சூளையில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றித் தருவார்களா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். அந்தப் படியைத் தவறவிட்டால் போல்ட் உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்து, பாரத்தில் சட்டென்று உடையும்.

பூட்டும் நட்டுகள், வாஷர்கள்

சுருக்கமாகச் சொல்கிறேன். நைலான் வளையமுள்ள நட்டை ஒருமுறை கழற்றினால் புதிது போடுங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் அது வேண்டாம், உருகும். எக்ஸாஸ்ட் ஸ்டட்டுக்குப் பித்தளை நட்டு. கோட்டைச் சுவர் மாதிரி வெட்டுள்ள நட்டுக்கு ஒவ்வொரு முறையும் புது ஸ்பிளிட் பின். மடக்கும் தகடு வாஷரும் ஒருமுறைக்குத்தான். இவையெல்லாம் சேர்த்தே சில பவுண்டுதான் ஆகும், இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

பிரேக் குழாயும் சக்கர நட்டும் தனி கவனம் கேட்கின்றன

பிரேக் குழாய் இணைப்பில் 3/8 யூ.என்.எஃப். மரையும், மெட்ரிக்கில் 10 மி.மீ. விட்டம் 1 மி.மீ. பிட்ச் மரையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். குழாய் முனையில் வெளிப்பக்க மரையோடு வரும் 3/8 நட்டு 9.5 மி.மீ.தான். அது 10 மி.மீ. துளைக்குள் சுலபமாகப் போய், இறுகியது போலவும் தோன்றும். மிதியை ஓங்கி மிதிக்கும் அவசர நொடியில் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும். இன்று விற்கும் மாற்று சிலிண்டர்களையும் குழாய்களையும் கலந்து வாங்கும்போது இந்த ஆபத்து நிஜமாகவே இருக்கிறது. ஒவ்வொரு இணைப்பையும் அளந்து, சீப்பு வைத்துப் பார்த்த பிறகே பொருத்துங்கள்.

கம்பிச் சக்கரம் போட்ட எம்ஜிபியில் நடுவே உள்ள பெரிய நட்டுக்கு இரண்டு விதமான மரை வந்திருக்கிறது. பழைய பான்ஜோ வகைப் பின் அச்சு கார்களில் இஞ்சுக்கு 12 மரை, பிந்தைய குழாய் அச்சு கார்களில் 8. ஆண்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நடுவில் யாராவது அச்சையே மாற்றியிருக்கலாம். ஹப்பிலேயே எண்ணிப் பாருங்கள். காரின் இடப்பக்கம் சாதாரண வலச்சுற்று மரை, வலப்பக்கம் இடச்சுற்று மரை. கார் முன்னால் போகும்போது சக்கரம் சுற்றும் திசையில் அடித்தால் நட்டு கழலும். ஹப்பையே பக்கம் மாற்றிப் போட்டால் நட்டு ஓட ஓடத் தளரும்.

எங்கே வாங்குவது?

முதல் வழி, காருக்கென்றே இருக்கும் பெரிய விற்பனையாளர்கள். பிரிட்டனில் மாஸ் யூரோப், லிங்கன் பக்கம் ரிம்மர் பிரதர்ஸ், அமெரிக்காவில் மாஸ் மோட்டார்ஸ். இவர்களின் பட்டியலில் வரைபடத்தோடு ஒவ்வொரு போல்ட்டுக்கும் எண் இருக்கும். வாங்காவிட்டாலும் அந்த வரைபடங்களே நல்ல பாடம். காரின் தனி வடிவ உதிரிகளை, அதாவது சஸ்பென்ஷன் முள், சிறப்பு ஸ்டட், தோள் உள்ள திருகு போன்றவற்றை, இவர்களிடம்தான் வாங்க வேண்டும். எஸ்.யூ. கார்புரேட்டரின் சின்ன திருகுகளுக்கு சாலிஸ்பரியில் உள்ள பர்லன். எம்ஜிபியின் முழு உடற்கூட்டையே 1988 முதல் தகடு அழுத்தும் பழைய அச்சுகளை வைத்து மறுபடி தயாரித்தது பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ். உடற்கூட்டுப் பாகங்களுக்கு அவர்களின் பெயரைப் பார்த்து வாங்கலாம்.

பொதுவான அளவுகளை அங்கே ஒவ்வொன்றாக வாங்கினால் விலை ஏறிவிடும். கால், 5/16, 3/8 யூ.என்.எஃப். போல்ட்டுகளைப் போல்ட்-நட்டு மட்டுமே விற்கும் தொழிற்சாலை வழங்குநர்களிடம் பெட்டியாக வாங்குங்கள். கேட்கும்போது ‘5/16 போல்ட்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘5/16 யூ.என்.எஃப்., 24 மரை, ஒன்றேகால் இஞ்ச் நீளம், தண்டு உள்ளது, எஸ் அல்லது கிரேடு 5, துத்தநாக முலாம்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இது சுலபம். அங்கே சாதாரண வன்பொருள் கடையிலேயே இஞ்ச் மரை கிடைக்கும். நெருக்கமான மரையா அகலமான மரையா என்பதை மட்டும் பார்த்து எடுங்கள், அந்தக் கடைகளில் அகலமான மரைதான் முன்னால் அடுக்கியிருக்கும்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது: ஆட்டோஜம்பிள் எனப்படும் பழைய உதிரிச் சந்தை. ஹாம்ஷயரில் பியூலி சந்தை 1967 முதல் நடக்கிறது, செப்டம்பரில் கூடும். தகரப் பெட்டிகளில் பயன்படுத்தாத பழைய கையிருப்பு போல்ட்டுகள், எண்ணெய்த்தாள் சுற்றியபடியே கிடைக்கும். தலையில் ஜி.கே.என். முத்திரையும் எஸ் எழுத்தும் தெளிவாக இருந்தால் தயங்காமல் அள்ளுங்கள். பையில் காலிப்பரும், கோத்து வைத்த மாதிரி போல்ட் கொத்தும் இல்லாமல் போகவே கூடாது. கலந்து கிடக்கும் டப்பாவை மொத்தமாக வாங்கினால் பாதி பி.எஸ்.எஃப்.பாக இருக்கும்.

கிளப்பில் சேருங்கள். ஆபிங்டனைத் தாயகமாகக் கொண்ட எம்ஜி கார் கிளப் 1930-இல் தொடங்கியது. எம்ஜி ஓனர்ஸ் கிளப் என்ற இன்னொன்றும் இருக்கிறது. ஒரு போல்ட்டின் படத்தைக் காட்டினாலே எந்த இடத்துப் போல்ட் என்று சொல்லிவிடும் மூத்தவர்கள் அங்கே உண்டு. அவர்களின் நேரத்துக்கு மரியாதை கொடுத்து, அளந்துவிட்டுக் கேளுங்கள்.

எங்கேயும் கிடைக்காத திருகு என்றால் லேத் பட்டறை. உலோகத்தின் தரத்தையும் எழுதிக் கொடுத்துத்தான் கடையச் சொல்ல வேண்டும். அலங்கார இடத்துக்கு மட்டும் இதைச் செய்யலாம். பாரம் தாங்கும் இடத்துக்கு நான் செய்யச் சொல்ல மாட்டேன்.

வந்த பொருளைச் சோதித்து, பொருத்தி, மறுபடி பாருங்கள்

உறையில் எழுதியிருப்பதை நம்பி நேரே காரில் போடாதீர்கள். பத்தில் இரண்டையாவது எடுத்து விட்டம், மரை, தண்டு நீளம், தலைக் குறி ஆகியவற்றைப் பாருங்கள். எழுத்து மங்கலாகவோ, ஒரே பையில் வேறு வேறு முத்திரையாகவோ இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

துளையின் மரையைத் துடைத்து, அதே அளவுள்ள மரை துப்புரவுக் கருவியை விரலால் ஓட்டிப் பாருங்கள். புது மரை வெட்டும் சாதாரண டாப் ஆழமாக வெட்டிவிடும், கவனம். மரை ஏற்கெனவே போயிருந்தால் பெரிய போல்ட்டாக மாற்றாமல், ஹெலிகாயில் போன்ற மரைச்சுருள் வைத்து அதே அளவைக் காப்பாற்றுங்கள். அடைத்த துளைக்குள் எண்ணெய் தேங்கியிருக்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது அந்த எண்ணெய்க்குப் போக வழியில்லாமல் வார்ப்பையே பிளந்துவிடும்.

ஒவ்வொரு போல்ட்டையும் முதல் சில சுற்று விரலால். அப்புறம்தான் ஸ்பேனர். கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர், இறுக்க அளவு உங்கள் ஆண்டுக்குரிய பட்டறைக் கையேட்டிலிருந்து. கம்பிச் சக்கரம் இல்லாத எம்ஜிபியின் சக்கர நட்டுக்கு 60 முதல் 65 பவுண்டு-அடி. கையேட்டு எண்கள் பொதுவாகக் காய்ந்த சுத்தமான மரைக்கானவை. செம்பு கிரீஸ் தடவிவிட்டு அதே எண்ணுக்கு இறுக்கினால் போல்ட் உண்மையில் அதைவிட அதிகம் இழுபட்டிருக்கும்.

பிரிட்டனில் 2018 மே முதல், பெரிய மாற்றம் செய்யப்படாத 40 வயது தாண்டிய கார்களுக்கு வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே காரின் அடியில் படுத்து நட்டு தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கும் ஆள் இனி நீங்கள்தான். புது போல்ட் போட்ட ஒவ்வொரு இடத்திலும் நட்டிலிருந்து சட்டம் வரை ஒரு மெல்லிய பெயின்ட் கோடு இழுங்கள். 100 மைல் ஓட்டிவிட்டு, என்ஜின் குளிர்ந்ததும் டார்ச்சோடு அடியில் போய்ப் பாருங்கள். கோடு நேராக இருந்தால் சரி. உடைந்து விலகியிருந்தால் அந்த இடத்தைக் கழற்றி, அளவிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.